துரத்தலும் துடைத்தலும்

'டாம் ஜெர்ரி சும்மா சிரிச்சிட்டு மறக்கிற சமாச்சாரம், அதில என்ன அரசியல்?' என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அந்தத் துரத்தலை நான் பசியின் கதையாக வாசிக்கவில்லை.

எம்.ஜி.எம். 1940இல் வெளியிட்ட முதல் படத்தில் (பூனைக்கு அப்போது ஜாஸ்பர் என்று பெயர்) வேலைக்காரி விதிக்கும் நிபந்தனை ஒன்றுதான்: இன்னொரு சாமான் உடைஞ்சா நீ வெளியே. எலி இதைக் கேட்டுவிடுகிறது. கண்ணாடிக் கோப்பையைக் கீழே போடப்போவதாகக் காட்டியே பூனையை ஆட்டிவைக்கிறது. ஆக, பூனையை ஓடவைப்பது வயிறு அல்ல, வேலைநீக்க பயம்.

சட்டம் சொல்பவள் ஒரு கறுப்பினப் பெண். காலும் செருப்பும் ஏப்ரனும்தான் தெரியும். முகம் ஏறக்குறையக் கிடையாது. குரல் லிலியன் ராண்டால்ஃபுடையது. பெயர்ப் பட்டியலில் அவர் இல்லை. 1960களில் தொலைக்காட்சிக்காகச் சில படங்களில் அவளை வெள்ளைக்காரியாகத் திரும்ப வரைந்தார்கள், குரலையும் மாற்றினார்கள். இழிவைத் துடைக்கப் போய் ஆளையே துடைச்சாச்சு.

1952இன் 'புஷ்-பட்டன் கிட்டி'யில் டாமின் வேலைக்கு இயந்திரப் பூனை வருகிறது, வீட்டை நொறுக்குகிறது. டாமுக்கு மறுபடி வேலை கிடைக்கிறது. ஆனால் இயந்திரத்தின் பாகமொன்று வயிற்றுக்குள் போக, அதுவும் இயந்திரமாகவே ஓடுகிறது. அந்த வரிசையில் அவள் கடைசியாக வருவது இதில்தான்.

தடைசெய்வதா, காட்டுவதா என்பதல்ல என் கேள்வி. காட்டுங்க, ராண்டால்ஃபின் குரலோடும் பெயரோடும் காட்டுங்க. இழிவு யார் செய்தது என்பதும் அப்போதுதான் தெரியும்.