உடன் வந்தவர் எழுதிய புத்தகம்

வெளிதேசம் போய்த் திரும்பியவனுக்குக் கதை கேட்க இரண்டு பேர் உண்டு. ஊரிலேயே இருந்துவிட்ட சிநேகிதன் ஒருவன். கூடவே வந்தவன் இன்னொருவன். முதலாமவனிடம் எதையும் சொல்லலாம். மலை இன்னும் ஆயிரம் அடி உயரும், ஆற்று வெள்ளம் கழுத்தளவு ஏறும். அவனுக்கு ஆட்சேபம் கிடையாது. இரண்டாமவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் சொல்கிறவனின் குரலே சற்று இறங்கிவிடுகிறது. 'அன்றைக்கு நீ தூங்கிக்கொண்டல்லவா இருந்தாய்' என்று அவன் சொல்லிவிடக்கூடும். பயண நூல்கள் பெரும்பாலும் இந்த இரண்டாமவனை அறையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டு எழுதப்பட்டவை. அவற்றில் வரும் 'நான்' தனியாகப் பார்க்கிறது, தனியாக வியக்கிறது, தனியாகவே தத்துவம் பேசுகிறது. காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்தது யார் என்ற கேள்வி அந்தப் பக்கங்களில் எழுவதே இல்லை.

நம்முடைய வாரப் பத்திரிகைப் பயணத் தொடர்களை நான் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றின் 'நாங்கள்', விருந்து கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்வதற்காக ஏற்பட்ட பன்மை. அதற்குள் தனித்தனி மனிதர்கள் கிடையாது. வெளியே அனுப்பப்பட்ட ஆள் திரும்பி வந்து, தானும் ஒரு புத்தகம் எழுதிவிட்ட சில அபூர்வ சந்தர்ப்பங்கள் உண்டு. அவை பற்றித்தான் யோசிக்கத் தோன்றுகிறது. 1935 இந்த விஷயத்தில் விசேஷமான வருஷம். இரண்டு கண்டங்களில் இரண்டு ஜோடிகள் கிளம்பினார்கள். விளைவு நான்கு புத்தகங்கள்.

முதல் ஜோடி கிரஹாம் கிரீனும் அவருடைய ஒன்றுவிட்ட சகோதரி பார்பரா கிரீனும். ஸியர்ரா லியோனிலிருந்து லைபீரியாவுக்குள் புகுந்து, காட்டு வழியாகச் சுமார் 350 மைல், நான்கு வாரம் நடந்தார்கள். ஆப்பிரிக்கா இருவருக்கும் புதிது. கிரீனின் 'ஜர்னி வித்தவுட் மேப்ஸ்' 1936இல் வந்தது. சாதாரணப் புத்தகமல்ல அது. லைபீரியாவின் பாதையும் எழுதுகிறவனின் பால்யப் பயங்களும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, பயணமே ஒரு மன ஆழத்துக்குள் இறங்குவதாக மாறிவிடுகிறது. இந்த இறக்கத்துக்கு ஆள் ஒருவன்தான் வேண்டும். எனவே பார்பரா 'என் கஸின்' ஆகிவிடுகிறார். அந்தச் சொல்லுக்கு மேல் அவருக்குப் பெயர் கிடையாது. வேலைக்காரர்கள் அமெடூவுக்கும் லாமினாவுக்கும் பெயர் இருக்கிறது. சமையற்காரன் ஸூரிக்கு இருக்கிறது. இந்த அம்மாளுக்கு இல்லை. முந்நூறு மைல் அவரும் நடந்தார் என்பதே வாசகனுக்கு மறந்துபோகிறது.

1938இல் பார்பராவின் 'லாண்ட் பினைட்டட்' வெளிவந்தது. (1981இல் 'டூ லேட் டு டர்ன் பேக்' என்ற தலைப்பில் மறுபடியும் அச்சாயிற்று.) கிரீன் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் பார்பரா கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் உடம்பு சரியில்லாதபோது கண்ணுக்கு மேலே துடிக்கும் நரம்பை இந்தப் புத்தகம் விடுவதில்லை. பயணத்தின் கடைசிக் கட்டத்தில் ஸிகி என்பவரின் ஊரில் கிரீனுக்குக் கடுமையான ஜுரம். அந்த இரவில்தான் தனக்கு உயிரோடிருப்பதில் இவ்வளவு ஆசை இருக்கிறதென்று கண்டுகொண்டதாகக் கிரீன் எழுதுகிறார். புத்தகம் முழுவதும் அந்த இடத்தை நோக்கியே போகிறது. அதே இரவில் அவர் செத்துப்போவார் என்று பார்பரா நிச்சயித்துவிட்டார். கத்தோலிக்கன் செத்தால் மெழுகுவத்தி ஏற்ற வேண்டுமே, கையில் மெழுகுவத்தி இல்லையே என்பதுதான் அவருடைய கவலை. ஒரு படுக்கையில் தரிசனம், பக்கத்தில் மெழுகுவத்திக் கவலை.

இதை வைத்துக்கொண்டு கிரீன் பொய், பார்பரா நிஜம் என்று தீர்ப்பு எழுதுவது சுலபம், தப்பும்கூட. எழுத்து என்ற அளவில் கிரீனின் பக்கங்களுக்கு அருகில் பார்பராவின் பக்கங்கள் வரமாட்டா. ஆனால் அந்தத் தனிமை காட்டில் கிடைத்ததல்ல, மேஜையில் செய்யப்பட்டது என்பது பார்பராவைப் படித்த பிறகுதான் தெரிகிறது. பார்பரா தன்னை ஏமாற்றியது ஒரே விஷயத்தில்தான், புத்தகம் எழுதிவிட்டார் என்று கிரீன் பிற்பாடு வேடிக்கையாகக் குறைப்பட்டுக்கொண்டார். வேடிக்கைதான். இருந்தாலும் எழுதுகிறவர்கள் யாருக்கும் அந்த வேடிக்கையின் அடியில் இருக்கும் பயம் அந்நியமாக இராது. இருபதுக்கும் மேற்பட்ட சுமைகாரர்களும் அந்தப் பாதை முழுவதும் தலைச்சுமையோடு நடந்தார்கள். மூன்றாவது புத்தகத்தை யாரும் எழுதவில்லை.

இரண்டாவது ஜோடியின் கதை வேறு மாதிரி. பீட்டர் ஃப்ளெமிங் 'டைம்ஸ்' பத்திரிகையின் நிருபர். எலா மையார் சுவிட்சர்லாந்துக்காரர், 1924 ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு ஓட்டியவர். இருவரும் தனியாகப் போவதில் பெருமை கொண்டவர்கள். ஃப்ளெமிங்கின் முந்தைய புத்தகத்தின் பெயர் 'ஒன்ஸ் கம்பெனி'. மையாருடையதன் ஆங்கிலப் பெயர் 'டர்க்கிஸ்தான் ஸோலோ'. இந்த இரண்டு தலைப்புகளும் சேர்ந்து 1935 பிப்ரவரியில் பீகிங்கிலிருந்து கிளம்பி, அந்நியர்களுக்கு அடைக்கப்பட்டிருந்த சின்கியாங்கின் தெற்கு ஓரமாக, ஸைடாம் பாலைநிலம், கோட்டான், காஷ்கர், கில்கிட் என்று ஏழு மாதத்தில் ஸ்ரீநகர் வந்துசேர்ந்தன. சுமார் 3,500 மைல். ஃப்ளெமிங் வேட்டையாடினார், அவசரப்படுத்தினார். மையார் சமைத்தார், கிழிந்ததைத் தைத்தார், வைத்தியம் பார்த்தார். ஒருவருக்கு வீடு போய்ச் சேர வேண்டும்; மற்றவருக்கு ஒவ்வொரு கூடாரத்திலும் ஒரு மாசம் தங்க வேண்டும்.

ஃப்ளெமிங்கின் 'நியூஸ் ஃப்ரம் டார்ட்டரி' 1936இல் வந்தது; மையாரின் 'ஃபர்பிடன் ஜர்னி' மறு வருஷம். ஃப்ளெமிங் கிரீன் செய்ததைச் செய்யவில்லை. 'கீனி' என்ற செல்லப்பெயரோடு மையார் அந்தப் புத்தகம் முழுக்க நடமாடுகிறார்; அவருக்குச் சேர வேண்டியது சேர்க்கப்படுகிறது. கனவானின் கணக்கு நேராக இருக்கிறது. ஆனால் எல்லாமே ஒரு கிண்டலுக்குள் இருக்கிறது. தன்னையே முதலில் கேலி செய்துகொண்டுவிட்டால் பிறகு எதையும் உணர வேண்டியதில்லை என்கிற அந்த ஆங்கிலேய சாமர்த்தியம். முந்நூறு பக்கம் சிரித்த பிறகு களைப்பாக இருக்கிறது.

மையாருக்குக் கிண்டல் வராது. அவர் சொல்லும் ஒரு விஷயம் ஃப்ளெமிங்குக்குத் தோன்றவே இல்லை. இருவர் சேர்ந்து போவதாலேயே ஐரோப்பாவின் ஒரு துண்டு தங்களோடு கூடவே வந்துகொண்டிருந்தது என்கிறார். தனியாகப் போயிருந்தால் வழியில் இருக்கிறவர்களோடு கலந்தே தீர வேண்டும். அவர்கள் பாஷை வேண்டும், அவர்கள் அடுப்பு வேண்டும். துணை இருக்கும்போது சாயங்காலம் திரும்பிப் பேச ஓர் ஆள் இருக்கிறது. சுற்றியிருக்கும் ஆசியா அந்தப் பேச்சுக்குப் பின்புலமாக விலகிவிடுகிறது. உடன் வருகிறவன் சாட்சி மட்டுமல்ல, விட்டுவந்த ஊரே அவன்தான். துணையைப் பற்றி இவ்வளவு கண்டிப்பாக யோசித்த இன்னொரு பயண எழுத்தாளரை நான் படித்ததில்லை.

இதைக் கண்டவர் நான்கே வருஷத்தில் மறுபடியும் துணையோடு கிளம்புகிறார். 1939 ஜூனில் அன்னமரி ஷ்வார்ட்ஸென்பாக்கின் ஃபோர்டு காரில், ஜெனீவாவிலிருந்து காபூலுக்கு. அன்னமரி எழுத்தாளர், புகைப்படக்காரர், மார்ஃபியாவுக்கு அடிமை. அதிலிருந்து அவரை மீட்பது மையாரின் எண்ணம், அது நடக்கவில்லை. 1947இல் வந்த 'த க்ரூயல் வே'யில் அன்னமரி 'கிறிஸ்டினா' என்று பெயர் மாறி வருகிறார். இங்கே உடன் வந்தவர்தான் விஷயம்; ஆப்கானிஸ்தான் ஜன்னலுக்கு வெளியே போகிறது. மையார் எழுதியவற்றில் என்னை உலுக்கியது இதுதான். அதே சமயம் சங்கடமும் இதில்தான். அன்னமரி 1942இல், 34 வயதில் இறந்துவிட்டார். மறுத்துச் சொல்ல ஆள் இல்லாத அறையில் எழுதப்பட்ட புத்தகம் இது. மையாரின் அன்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரக்கத்தோடு எழுதப்படுகிறவர் நோயாளியாக மட்டுமே மிஞ்சிவிடுகிறார். அதே பயணத்தைப் பற்றி அன்னமரி எழுதிய கட்டுரைகள் ஜெர்மன் மொழியில் 2000இல்தான் தொகுப்பாக வந்தன. அங்கே அவர் யாருடைய நோயாளியும் அல்ல. சாலையையும் பெண்களையும் மலைகளையும் தன் கண்ணால் பார்க்கிற எழுத்தாளர்.

மையார் அதன்பின் உடனே ஐரோப்பா திரும்பவில்லை. யுத்த வருஷங்களில் பெரும்பகுதி திருவண்ணாமலையில், ரமணர் இருந்த இடத்தில் கழிந்தது. அந்தக் காலத்தைப் பற்றி அவர் 1951இல் வெளியிட்ட 'டி-புஸ்' ஒரு பூனையைப் பற்றியது, அவருடைய பூனை. இம்முறை கூட இருந்த ஜீவன் ஐரோப்பாவையும் கொண்டுவராது, புத்தகமும் எழுதாது. நம் ஊரில் நடந்த அந்தச் சிநேகத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.