முந்நூறு போதும்

பழைய டெலி லென்ஸை மதிப்பிடக் கண்ணுக்கு முன்னால் கை வேண்டும். ஃபோகஸ் வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். எண்ணெய் விட்ட கதவுக் குடுமி திரும்புவதுபோல ஒரே கனத்தோடு போக வேண்டும்; எங்கும் இடறக் கூடாது, எங்கும் வழுக்கிவிடவும் கூடாது. உள்ளே உலோக மரைக்குள் உலோக மரை ஏறி நகர்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு பூச்சு கிரீஸ், அவ்வளவுதான். நாற்பது, ஐம்பது வருஷம் கழித்தும் அந்த நகர்வு கெடாமல் இருக்கிறதென்றால் அதைக் கடைந்தவர்கள் தொழில் தெரிந்தவர்கள். இன்றைய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் மோட்டாருக்காகச் செய்யப்பட்டவை. வளையம் கொஞ்சம் அசைந்தாலே ஃபோகஸ் எங்கோ போய்விடும். பழைய லென்ஸில் வளையம் நிறையச் சுற்றும். அந்தச் சுற்றில்தான் வெளிமானின் கண்ணுக்கும் காதுக்கும் உள்ள இடைவெளியை விரலால் பிரித்து எடுக்க முடிகிறது.

எங்கள் கயத்தாற்றை நடுவில் வைத்துப் பார்த்தால் காட்டுயிர்ப் படத்துக்கான பூமி சுற்றிலும் இருக்கிறது. தெற்கே போனால் வல்லநாடு. 1987இல் வெளிமான்களுக்காகவே ஒதுக்கிய சரணாலயம். பதினாறு சதுர கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இதுதான் என்பார்கள். கிழக்கே தூத்துக்குடி உப்பளங்கள், அங்கே உள்ளான்களும் ஆலாக்களும், அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரைகளும். தெற்கே இன்னும் இறங்கினால் கூந்தன்குளம். இவை எதுவும் வேண்டாம் என்றாலும் ஊரைச் சுற்றியுள்ள கரிசக்காட்டில் பனங்காடையும் கௌதாரியும் வானம்பாடியும் உண்டு. பனிக்காலத்தில் வலசை வரும் பூனைப்பருந்தும் உண்டு. படம் எடுக்க ஆசைப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களைத் தடுப்பது விலை. இன்று புதிதாக வரும் 600 மில்லிமீட்டர் எஃப்/4 லென்ஸ் பத்து லட்ச ரூபாயைத் தாண்டுகிறது. ஒரு கரிசல் சம்சாரி வீட்டுப் பிள்ளை அந்தத் தொகையை லென்ஸாக நினைக்க மாட்டான், நிலமாகத்தான் நினைப்பான்.

அதனால் பழைய லென்ஸை ஏழைக்கு ஏற்ற இரண்டாம் தரம் என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடே கிடையாது. நம் நாட்டுக் காட்டுயிர்ப் படக்கலையின் பெரிய ஆளுமைகளில் ஒருவரான மா. கிருஷ்ணன், வாங்கிய கருவியை வாங்கியபடி பயன்படுத்தியவர் இல்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், மாதவையா பெருங்குளத்துக்காரர், கிருஷ்ணன் 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். ஒரு கம்பெனியின் கேமரா பாடி, வேறொரு கம்பெனியின் டெலி லென்ஸ், மற்ற உறுப்புகள் எல்லாம் தன் கையால் இணைத்தவை என்று ஒரு கூட்டுக் கருவி அவரிடம் இருந்தது. அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர். ஆங்கிலேயக் காட்டுயிர் ஆர்வலர் ஈ. பி. ஜீ அதைப் பார்த்து வியந்து 1964இல் வந்த தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். அந்தக் கருவிகளை வைத்துக்கொண்டு கிருஷ்ணன் கடைசிவரை கருப்பு வெள்ளையிலேயே எடுத்தார். முதுமலை, பந்திப்பூர் யானைகளை அவர் எடுத்த படங்களில் தோலின் சுருக்கம், மண் படிந்த நெற்றி, நிழலுக்குள் நிற்கும் கால் எல்லாம் இன்றைக்கும் அப்படியே நிற்கின்றன. யானை இலக்கு மட்டுமாக இல்லாமல், தான் நிற்கும் காட்டோடு சேர்ந்து படத்துக்குள் வருகிறது. எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்கத் தோன்றாத படங்கள் அவை. 1970இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

மில்லிமீட்டருக்கு வருகிறேன். பழைய லென்ஸ் வாங்கப் போகிறவர்கள் முதலில் தேடுவது நீளத்தை. 500 கிடைக்குமா, 1000 கிடைக்குமா என்பார்கள். கரிசல் நிலத்தில் அது வீண். காலை ஒன்பது மணிக்கெல்லாம் கறுப்பு மண் சூடேறிக் காற்று கொதிக்கத் தொடங்கிவிடும். நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் மானின் விளிம்பு நெளியும். பத்து லட்ச ரூபாய் லென்ஸானாலும் அந்த நெளிவைத்தான் பெரிதாக்கிக் கொடுக்கும். இன்னொன்று காற்று. காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கும் மத்திய அரசு நிலையத்தைக் கயத்தாற்றில் வைத்திருப்பது சும்மா இல்லை. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று நீண்ட லென்ஸைப் பிடித்து ஆட்டுகிறபோது டிரைபாடும் சேர்ந்து ஆடும். பழைய லென்ஸில் நடுக்கத்தைத் தாங்கும் ஏற்பாடு கிடையாது. முந்நூறு மில்லிமீட்டர் என்பது ஒரு கிலோவுக்கு முன்பின் எடையுள்ள, கையால் தாங்கிப் பிடிக்கக்கூடிய அளவு. ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள கேமராவில் பொருத்தினால் 450 மில்லிமீட்டரின் பார்வைக் கோணம் வந்துவிடும். அதற்கு மேல் தேவைப்படுகிற தூரத்தை நடந்து, உட்கார்ந்து, காத்திருந்துதான் குறைக்க வேண்டும்.

முந்நூறிலும் எதை எடுப்பது? என் முதல் விருப்பம் நிக்கானின் நிக்கார் 300 எஃப்/4.5. அதில் முக்கியமாக இரண்டு வகை உண்டு. சாதாரணக் கண்ணாடி வகை மலிவு, பத்துப் பதினைந்தாயிரத்துக்குள் நல்ல நிலையில் கிடைத்துவிடும். இடி (ED) கண்ணாடி போட்டு, ஃபோகஸ் செய்யும்போது உள்ளிருக்கும் சிறு பகுதி மட்டுமே நகரும்படி செய்த பிந்தைய வகைக்கு விலை கூடுதல், ஆனால் அந்தக் கூடுதலைக் கொடுக்கலாம். காரணம் ஆண் வெளிமானின் முகத்தில் இருக்கிறது. கருத்த முகத்தில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். வெவ்வேறு நிறத்து ஒளியை ஒரே புள்ளியில் சேர்க்கத் தெரியாத லென்ஸ், அந்த வெள்ளையின் ஓரத்தில் ஊதாக் கோடு ஒன்றை இழுத்துவிடும். உப்பளத்தில் வெள்ளைக் குவியல் முன்னால் நிற்கும் கொக்குக்கும் இதே கதிதான். இந்த நிறப்பிழையை அடக்கத்தான் கேனன் 1969இல் ஃபுளோரைட் படிகத்தைப் போட்டு 300 எஃப்/5.6 செய்தது, நிக்கான் தன் இடி கண்ணாடியைக் கொண்டுவந்ததும் அதற்காகவே. சாதாரண வகையை வைத்திருப்பவர்கள் எஃப்/8க்கு மூடினால் கோடு நன்றாகக் குறையும், முழுக்கப் போகாது.

பென்டாக்ஸின் எஸ்எம்சி தக்குமார் 300 எஃப்/4 எனக்குப் பிடித்த இன்னொன்று. 1971இல் வந்த அந்தப் பல அடுக்குப் பூச்சு, காலை வெயிலுக்கு எதிராக எடுக்கும்போது படத்தை வெளுத்துப்போக விடாது. மானின் முதுகு மயிரில் ஒளிக்கோடு விழ வேண்டும் என்றால் வெயிலுக்கு எதிராக எடுத்தே ஆக வேண்டும், அங்கே இந்தப் பூச்சின் அருமை தெரியும். அதன் வளையத்தின் வழவழப்பைத் தொட்டவர்கள் மறக்க மாட்டார்கள்.

லென்ஸ் எந்த பாடியில் உட்காரும் என்பதை வாங்குமுன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். மவுண்டிலிருந்து ஃபிலிம் இருக்கும் தளம்வரை உள்ள தூரம் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. நிக்கானுக்கு 46.5 மில்லிமீட்டர், எம்42 திருகு மவுண்டுக்கு 45.5, கேனன் இஎஃப்புக்கு 44, பழைய கேனன் எஃப்டிக்கு 42. லென்ஸின் தூரம் பாடியின் தூரத்தைவிடக் கூடுதலாக இருந்தால் நடுவில் அடாப்டர் நுழையும். குறைவாக இருந்தால் தொலைவில் ஃபோகஸ் சேராது. அதனால்தான் 1987இல் கேனன் மவுண்டை மாற்றியதும் எஃப்டி லென்ஸ்கள் அநாதையாயின. மிரர்லெஸ் கேமரா வந்து அவற்றுக்கு மறுவாழ்வு கொடுத்தது. சோனி இ மவுண்டில் அந்தத் தூரம் வெறும் 18 மில்லிமீட்டர், எல்லாப் பழைய லென்ஸும் ஏறும். கூடவே ஃபோகஸ் ஆன விளிம்பை நிறம் காட்டிச் சொல்லும் வசதியும், கண்ணை மட்டும் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியும் வந்தன. டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் நிக்கான் டி7000, டி7100, டி7200 ஆகியவற்றில் பழைய ஏஐ (AI) வகை நிக்காரைப் போட்டால் ஒளிமானியும் வேலை செய்யும். விலை குறைந்த டி3000, டி5000 வரிசைகளில் லென்ஸ் ஏறும், ஒளிமானி செத்துவிடும்.

சோவியத் லென்ஸ்களைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்த ரசனை நிறைவடையாது. டாயிர்-3 என்று ஒரு 300 எஃப்/4.5. மூன்றே கண்ணாடித் துண்டுகள். கிராஸ்னோகார்ஸ்க் ஆலையில் 1965 முதல் ஜெனித் கேமராவோடு சேர்த்துத் துப்பாக்கிக் கட்டையில் பொருத்தி ‘ஃபோட்டோ ஸ்னைப்பர்’ என்று விற்றார்கள். தோளில் கட்டையை அணைத்து, லென்ஸின் அடியில் இருக்கும் குமிழை இடது கையால் திருகி ஃபோகஸ் செய்து, விசையை இழுத்தால் படம். பறக்கும் பறவையைத் தொடர இப்படி ஒரு பிடிமானம் வேறு எதிலும் கிடைக்காது. வடிவமைத்தவருக்கு உடம்பைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் வல்லநாட்டுப் பக்கம் அதைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்ல மாட்டேன். வேட்டைக்காரர்களைத் தேடி அலையும் வனக்காவலருக்குத் தூரத்திலிருந்து துப்பாக்கியாகத்தான் தெரியும். ஜெர்மனியின் நோவோஃபிளெக்ஸ் 400இல் பிடியை அழுத்தினால் ஃபோகஸ் நகரும், விட்டால் திரும்பும். லைக்காவின் டெலிட் 400 எஃப்/6.8இல் ஒட்டிய இரண்டே கண்ணாடி. குழலை முன்னும் பின்னும் தள்ளித்தான் ஃபோகஸ். இரண்டும் பறவைக்கு ஏற்றவை. நம் ஊரில் கிடைப்பது அபூர்வம்.

எதிரொளிக்கும் கண்ணாடிகளை வைத்து ஒளியை மடக்கும் மிரர் லென்ஸ்கள் மலிவு, சிறிசு, ஊதாக் கோடும் கிட்டத்தட்ட இல்லை. ரஷ்ய எம்டிஓ 500 எஃப்/8, டாம்ரான் எஸ்பி 500 எஃப்/8 இரண்டும் அந்த வகை. நான் அவற்றைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். நடுவில் இருக்கும் சிறு கண்ணாடி மறைப்பதால், ஃபோகஸுக்கு வெளியே உள்ள ஒவ்வொரு ஒளிப்பொட்டும் வளையமாக மாறும். உப்பளத் தண்ணீரின் மினுக்கத்துக்கு முன்னால் நெடுங்கால் உள்ளானை எடுத்தால் பறவை முழுக்க வளையங்களுக்குள் அகப்பட்டுக்கொள்ளும். வெறும் வானத்தில் ஆலாவை எடுக்க மட்டும் அவை சரி.

பார்த்து வாங்குவது எப்படி? சென்னையில் எல்லீஸ் ரோடு, வாலாஜா ரோடு பக்கம் கேட்டால் பழைய சரக்கு இருக்கும் இடம் சொல்வார்கள். எங்கே வாங்கினாலும் ஒரு செல்போன் டார்ச் போதும். அப்பர்ச்சரை முழுக்கத் திறந்துவைத்து, பின்பக்கம் வெளிச்சம் அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். தூசி தெரிந்தால் கவலையில்லை. நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் ஃபங்கஸ். அது கண்ணாடியின் பூச்சையே தின்றிருக்கும், துடைத்தாலும் தழும்பு போகாது. கண்ணாடி முழுக்கப் பால் படிந்ததுபோல் மங்கலாக இருந்தால் அதை எடுக்காதீர்கள், படம் சோகை பிடித்து வரும். ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரிகின்றன. முன் கண்ணாடியில் ஒரு சின்னக் கீறல் இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். பின் கண்ணாடியில் கீறல் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடலோர ஊர்களிலிருந்து வந்த லென்ஸில் மவுண்டு ஆணிகளைப் பார்க்க வேண்டும். துரு இருந்தாலும் அலுமினியத்தில் வெள்ளை பூத்திருந்தாலும் உப்புக்காற்று உள்ளே போயிருக்கிறது. ஆணித்தலை சிதைந்திருந்தால் யாரோ பழக்கமில்லாத கையால் திறந்திருக்கிறார்கள்.

சோதனைப் படத்துக்கு எங்கள் ஊரில் கஷ்டமே இல்லை. விடியற்காலையில் தூரத்துக் காற்றாலையின் வெள்ளைக் கோபுரத்தை வானத்தோடு சேர்த்து, அப்பர்ச்சரை முழுக்கத் திறந்து எடுங்கள். இறக்கையின் விளிம்பில் ஊதா எவ்வளவு என்று தெரிந்துவிடும். பிறகு அதே கோபுரத்தைப் படத்தின் நான்கு மூலைகளிலும் வைத்து எடுங்கள். ஒரு மூலை மட்டும் மங்கினால் உள்ளே கண்ணாடி இடம் மாறியிருக்கிறது; லென்ஸ் எப்போதோ கீழே விழுந்தது.

பழகுவதற்குப் பனங்காடை நல்ல வாத்தியார். மின்கம்பியிலோ மொட்டைப் பனையிலோ உட்கார்ந்து, தரையில் பூச்சியைப் பிடித்துவிட்டுப் பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பி வரும். அது இறங்கிப் போனதும் உட்கார்ந்த இடத்தில் ஃபோகஸை வைத்துக் காத்திருங்கள். முந்நூறில், எஃப்/4.5இல், பத்து மீட்டர் தூரத்தில் தெளிவு விழும் ஆழம் ஒரு அடிகூடக் கிடையாது. திரும்பி வந்து நீல இறக்கையை விரிக்கும் அந்த நொடியில் வளையத்தை மயிரளவு அசைக்க விரல் தானாகக் கற்றுக்கொள்ளும். ஷட்டர் ஐந்நூறில் ஒரு பங்குக்குக் கீழே இறங்க வேண்டாம். வண்டிச் சன்னலில் வைத்து எடுக்க ஒரு துணிப்பையில் கம்போ உளுந்தோ கட்டிக்கொண்டால் டிரைபாடைவிட அது உறுதி.

நெருங்குவது என்றால் விரட்டுவது ஆகாது. வெளிமான் நடந்து வரும் ஆளைக் கண்டால் ஓடும், நின்றுபோன வண்டியை மறந்துவிடும். வல்லநாட்டில் வனத்துறை அனுமதியோடு விடியுமுன் போய் ஓரிடத்தில் அமர்ந்துவிட்டால் மேய்ந்துகொண்டே அவை நம் பக்கம் வரும். கூடு கட்டும் பறவையிடம் முந்நூறோடு கிட்டப் போகவே கூடாது. கூந்தன்குளம் மட்டும் விதிவிலக்கு. அங்கே மஞ்சள்மூக்கு நாரைகள் ஊருக்குள், வீடுகளை ஒட்டிய மரங்களில் கூடு வைக்கின்றன. ஊர்க்காரர்கள் காலங்காலமாகக் காத்துவருவதால் ஆளைக் கண்டு அவை மிரள்வதில்லை. முந்நூறுகூட அங்கே நீளம்.

கையில் பன்னிரண்டாயிரம் ரூபாயோடு வந்து கேட்கும் பிள்ளைக்கு என் பதில் இதுதான்: சாதாரண நிக்கார் 300 எஃப்/4.5 ஒன்றை ஒன்பதாயிரத்துக்குள் தேடு. மிச்சத்தில் லென்ஸைப் பிரித்துப் பழைய கிரீஸைத் துடைத்துப் புதிது போடச் சொல். அதைச் செய்யத் தெரிந்த கை யாருடையது என்று விற்பவரிடமே கேள். மீதம் இருந்தால் மூடி இறுக்கமான ஒரு டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வாங்கு, உப்பளத்துக்குப் போய்வந்த அன்றைக்கே லென்ஸைத் துடைத்து அதற்குள் வை.