‘காந்தி கணக்கு’: ஒரு குடும்பப்பெயர் வழக்குத்தொடர் ஆன வகை

தலைவர் ஒருவரின் பெயர் அன்றாடப் பேச்சில் கலந்து பொதுப்பொருள் தருதல் பல மொழிகளிலும் காணப்படும் நிகழ்வாகும். தமிழில் இதற்குத் தெளிவான சான்று ‘காந்தி கணக்கு’ என்னும் தொடர். திரும்பி வாராத கடன் என்பது இதன் பொருள். இதன் தோற்றம் பற்றி இரு கதைகள் வழங்குகின்றன. 1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது தொண்டர்கள் பெற்ற பொருள்களுக்கு வணிகர்கள் விலை கேளாது காந்தியின் பெயரில் எழுதிக்கொண்டனர் என்பது ஒன்று. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் வ.உ.சிதம்பரனாருக்கெனத் திரட்டிய பணம் காந்தியிடமே தங்கிவிட்டது என்பது மற்றொன்று. முதற்கதை தொண்டரைப் போற்றுகிறது. இரண்டாவது கதையோ ஒருவரின் நாணயத்தின்மீது பழி சுமத்துகிறது. எனவே அதனை ஆராயாது விடுதல் தகாது.

பணம் வந்து சேரத் தாமதமானது உண்மை. அது பற்றி இருவரிடையே கடிதங்களும் நடந்தன. ஆயினும் 1916இல் அத்தொகை வ.உ.சி.யின் கைக்குக் கிடைத்தது. ஆ.இரா.வேங்கடாசலபதி இதனை ஆவணங்களுடன் நிறுவியுள்ளார்; 2021இல் வெளிவந்த அவர் நூலின் தலைப்பிலேயே ‘347 ரூபாய் 12 அணா’ என அத்தொகை இடம்பெற்றுள்ளது.

ஆவணம் ஒருபுறமிருக்க, தொடரின் பயன்பாடே இக்கதைக்கு இடந்தரவில்லை. கடைக்காரரின் பேரேட்டில் ‘முருகன் கணக்கு’ என்றால் முருகன் தரவேண்டியது என்று பொருள். பொருளை வாங்கியவரும் முருகனே; கணக்குக்கு உரியவரும் முருகனே. ‘காந்தி கணக்கில் எழுதிக்கொள்’ என்னும்போது நிலைமை வேறு. வாங்குபவர் ஒருவர், பெயருக்குரியவர் மற்றொருவர். பெயருக்குரியவரிடம் எவரும் தண்டப் போவதில்லை என்பதைச் சொல்வோரும் கேட்போரும் அறிவர். அங்கதம் முழுவதும் வாங்கியவர்மீதே பாய்கிறது, காந்தியின்மீது அன்று. வ.உ.சி. கதையிலோ வாங்கியவரும் பெயருக்குரியவரும் ஒருவரே. அக்கதையிலிருந்து தொடர் பிறந்திருந்தால் ஏமாற்றுபவனையே ‘காந்தி’ எனச் சுட்டும் வழக்கு அல்லவா தோன்றியிருக்க வேண்டும்? இத்தொடரை ஆள்வோர் எவரும் அவ்வாறு பொருள்கொள்வதில்லை. முதற்கதை இப்பொருளமைப்புக்குப் பொருந்துகிறது. எனினும் பொருந்துதல் வேறு, மெய்ப்பிக்கப்படுதல் வேறு.

தொடரில் ககரம் மிகாமல் எழுதப்படுவதை, ‘காந்தி’ என்பது இன்னும் உயர்திணைப் பெயராகவே நிற்பதன் அடையாளமாகக் காட்டலாம். உயர்திணைப் பெயர்முன் வல்லினம் மிகாமை நன்னூலாருக்கும் உடன்பாடு. ஆனால் மிகவேண்டிய இடங்களிலேயே வல்லினத்தை விட்டுவிடும் இக்கால எழுத்தை வைத்து இதனை உறுதிப்படுத்துவதற்கில்லை.

இத்தொடர் நிலைபெற மற்றொரு சூழலும் தேவைப்பட்டது. அப்பெயருக்கு உரியவர் ஒருவராகவே இருத்தல் வேண்டும். தமிழரிடம் குடும்பப்பெயர் வழக்கு வலுவாக இல்லை. ஆகவே வெளியிலிருந்து வரும் குடும்பப்பெயரைத் தமிழ் இயற்பெயராகவே ஏற்கிறது. நேரு, போஸ் ஆகியன தமிழ்நாட்டில் பிள்ளைகளுக்கு இடும் பெயர்களானமை இதனாலேயே. தமிழ்ப் பேச்சில் ‘காந்தி’ என்றால் ஒருவரே.

இதனைச் சோதித்தறிய மும்பையினும் ஏற்ற களம் இல்லை. குஜராத்தியில் ‘காந்தி’ என்பது தொழிலால் அமைந்த குடும்பப்பெயர். நறுமணப் பொருள், பலசரக்கு விற்பவரைக் குறிப்பது. தம் முன்னோர் பலசரக்கு வணிகராக இருந்திருக்கலாம் என்று காந்தியே தன்வரலாற்றில் எழுதியுள்ளார். மளிகைக்கடைப் பேரேட்டில் அப்பெயர் வந்தமர்ந்தது தற்செயலே எனினும் சுவையானது. அதே பெயர் பம்பாயில் பிறந்த பார்சியரான பெரோஸ் காந்திக்கும் உரியது. 1942இல் திருமணத்தின் வழியாக இந்திராவுக்கும், பின்னர் அவர் மக்களுக்கும் சென்றது. தாராவியிலுள்ள ராஜீவ் காந்தி நகர் வரை நீண்டது. இவ்விரு குடும்பங்களுக்கும் உறவு உண்டு எனத் தமிழர் பலர் எண்ணுவது அறியாமையால் மட்டுமன்று. குடும்பப்பெயரை ஒருவருக்கே உரியதாகக் கொள்ளும் பெயர்மரபின் விளைவும் ஆகும். குஜராத்தி வணிகர் ஒருவரின் ஏட்டில் மெய்யாகவே ஒரு காந்தியின் கணக்கு இருக்கக்கூடும். அவர் மாதந்தோறும் பாக்கியைத் தீர்ப்பவராகவும் இருக்கலாம். அங்கு இத்தொடரை மொழிபெயர்த்துச் சொன்னால் நகைப்பு எழாது, குழப்பமே எழும்.

மும்பைத் தமிழரின் பெயர்களோ எதிர்த்திசையில் செல்கின்றன. 1929ஆம் ஆண்டு செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிற்குப் பின் தமிழ்நாட்டில் பலர் நீக்கிய சாதிப்பட்டங்கள், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ‘ஐயர்’ என்றும், தாராவியில் ‘நாடார்’ என்றும், விண்ணப்பப் படிவத்தின் குடும்பப்பெயர்க் கட்டத்தை நிரப்பி நிலைத்துள்ளன. பட்டம் இல்லாதவர்க்குத் தந்தையின் இயற்பெயரே குடும்பப்பெயராகிறது.

இந்நகரின் இந்தித் திரைப்படமான ‘லகே ரஹோ முன்னாபாய்’ 2006இல் ‘காந்திகிரி’ என்னும் சொல்லைப் பரப்பியது. ‘தாதாகிரி’, ‘குண்டாகிரி’ போன்றவற்றில் வரும் ‘-கிரி’ ஈறு அடாவடிச் செயலைக் குறிப்பது. அதனை அறவழியாளரின் பெயரோடு ஒட்டியதில்தான் சொல்லின் நயம் இருக்கிறது. தமிழில் முன்பே உள்ள ‘காந்தியம்’ கொள்கையைச் சுட்டும் ஏட்டுச்சொல். ‘காந்திகிரி’ செயலைச் சுட்டும் தெருச்சொல். காந்தி செய்ததை அறியாதவருக்கு ‘காந்திகிரி’ விளங்காது. ‘காந்தி கணக்கு’க்கு அவ்வறிவு தேவையில்லை, கடன் கொடுத்துப் பார்த்திருந்தால் போதும்.