மூலையில் ஒரு மயிரிழைக் கோடு

பிரிட்டனில் வீட்டுச் சமையலறை மேடைக்கு இன்றும் பரவலாக வாங்குவது லேமினேட் ஒட்டிய பார்ட்டிகிள் போர்டைத்தான். 600 மில்லிமீட்டர் அகலம், 38 அல்லது 40 மில்லிமீட்டர் கனம், உருட்டிய முன்விளிம்பு. மலிவான சரக்கு, கலை என்று அதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் இரண்டு பலகைகள் ‘ட’ வடிவில் கூடும் மூலையைக் குனிந்து பார்க்க வேண்டும். விளிம்பு உருண்டிருப்பதால் ஒன்றின் முனையை மற்றதன் பக்கவாட்டில் நேராக முட்டினால் வளைவின் மேல் பள்ளம் விழும். படச்சட்டம்போல் முழுவதும் 45 டிகிரியில் அறுத்தாலோ இணைப்பு ஏறக்குறைய 850 மில்லிமீட்டருக்கு நீண்டுவிடும். நீளும் தூரமெல்லாம் தண்ணீர் இறங்கும் வழி. கல்தச்சரிடமிருந்து பெயர் பெற்ற ‘மேசன்ஸ் மைட்டர்’ என்னும் இணைப்போ விளிம்பையொட்டிய சிறு தூரத்தில் மட்டும் சாய்ந்து, மிச்சத்தை நேர்கோடாகவே விட்டுவிடுகிறது. சாயவேண்டிய அளவுக்கு மேல் சாயாத அந்தச் சிக்கனம்தான் இதன் அழகு.

ஜிக் என்ற அச்சுப்பலகையைப் பொருத்தி அதன் ஓரமாக ரவுட்டர் என்ற வெட்டும் கருவியை ஓட்டினால் யார் கைக்கும் இந்தக் கோடு வந்துவிடுமே, இதில் திறமை எங்கே என்று கேட்கலாம். ஜிக் வடிவத்தைத் தரும்; எதை எப்போது, எந்தப் பக்கமிருந்து அறுப்பது என்பதைத் தராது. சுழலும் வெட்டலகு பலகையை விட்டு வெளியேறும் இடத்தில் லேமினேட்டைப் பெயர்த்துவிடும். ஆகவே வெட்டு எப்போதும் உருண்ட விளிம்பில் நுழைந்து பின்புறமாக வெளியேற வேண்டும். மூலை இடப்பக்கமா வலப்பக்கமா என்பதைப் பொறுத்து ஒரு பலகையைக் கவிழ்த்துப் போட்டே அறுக்க நேரும். ஆழத்தையும் ஒரே இழுப்பில் எடுக்கலாகாது. நான்கைந்து ஓட்டம், கடைசி ஓட்டத்துக்கு மிக மெல்லிய சீவல். இதற்கெல்லாம் முன்னால் சுவர் இருக்கிறது. பழைய வீடுகளில் மூலை சரியாக 90 டிகிரி இருப்பது அபூர்வம். கோணத்தை அளந்து ஜிக்கைத் திருத்தவும், சுவரின் மேடுபள்ளத்தைப் பென்சிலால் பலகையில் வாங்கிப் பின்விளிம்பைச் சீவவும் தெரிய வேண்டும். ரவுட்டரின் ஸ்விட்சைப் போடுவதற்குள் வேலையின் பாதி மூளையில் முடிந்திருக்க வேண்டும். அவசரக்காரருக்கு முழுப் பலகை ஒன்று நஷ்டம்.

கண்ணில் படாத பகுதியும் ரசிக்கத்தக்கதே. மட்டம் பிசகாமலிருக்க உள்ளே ‘பிஸ்கட்’ எனப்படும் சிறு மரத்துண்டுகள். இறுக்கிப் பிடிக்க அடிப்பக்கத்துக் குழிகளில் போல்ட்கள். நடுவே பலகையின் நிறத்திலேயே ஒரு பூச்சு. போல்ட்டை முடுக்கும்போது பூச்சு மேலே முழுநீளமும் பிதுங்க வேண்டும். எங்காவது பிதுங்காவிட்டால் அங்கே ஈரம் புகும், பார்ட்டிகிள் போர்டு உப்பும், உப்பியது திரும்பப் படியாது. பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு மேலே இணைப்பு வைப்பவரின் கைத்திறன் எவ்வளவு உயர்ந்தாலும் அவரை நல்ல வேலைக்காரர் என்று சொல்ல மாட்டேன்; நீராவி அந்த இடத்தைத்தான் தேடும்.

நேராக அறுத்து நடுவே அலுமினியப் பட்டை ஒன்றைத் திருகிவிட்டால் இத்தனை பாடும் வேண்டாமே என்பதும் நியாயமான வாதம்தான். செலவு குறைவு, ரவுட்டரே வேண்டாம். வாடகை வீட்டுக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் பட்டையின் ஓரத்தில் ரொட்டித்தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் சேரும், துடைக்கும் துணி ஒவ்வொரு முறையும் அதில் இடறும். நன்றாகப் பொருந்திய மைட்டரில் குறுக்கே நகத்தை இழுத்தாலும் தட்டாது.