கறி, கூறு, பங்கு: சுவரொட்டியை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

சுவரொட்டி என்றதும் இவ்விதழின் வாசகர்களுக்குப் பசை வாளியும் நள்ளிரவுத் தெருவும் நினைவுக்கு வரலாம். நான் பேச எடுத்துக்கொண்டது வேறு சுவரொட்டி: ஆட்டின் மண்ணீரல். சுவரில் எறிந்தால் ஒட்டிக்கொள்ளும், அதனால் அந்தப் பேர் என்று எங்க ஊர்ல சொல்வாங்க. ஓர் ஆட்டுக்கு ஒன்றுதான். தணலில் சுட்டு, உப்பும் மிளகும் தூவித் தருவார்கள். யாருக்குத் தருவார்கள் என்பதில்தான் பிரச்சினை தொடங்குகிறது.

எங்கள் ஊர் ஆர்.கே.பேட்டை, விசைத்தறி ஊர். 1960 ஏப்ரலுக்கு முன்பு இப்பகுதி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைத் திருத்தச் சட்டத்தால் திருத்தணிப் பகுதியோடு அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஒருவரும் வீட்டைவிட்டு நகராமலே மாநிலம் மாறிய ஊர். கறிக்கடைச் சொற்கள் எந்தச் சட்டத்துக்கும் கட்டுப்படவில்லை. குடல் இங்கே 'போட்டி'. ஈரலைக் 'கலேஜி' என்றும் சுவரொட்டியைத் 'தில்லி' என்றும் பாய் உருதுவில் சொல்வார். நாங்கள் தமிழில் கேட்போம். பக்கத்தில் நிற்பவர் தெலுங்கில் கேட்பார். "பாய், நெஞ்செலும்பு கலந்து அரைக் கிலோ, கொஞ்சம் கொழுப்பு வச்சுப் போடுங்க" என்ற ஒரு வாக்கியத்துக்குள் ஒரு உடற்கூற்றியலே அடங்கியிருக்கிறது. எந்த நூலிலும் ஏறாத பிரதி இது. வெட்டுபவரும் வாங்குபவரும் சேர்ந்து ஒவ்வொரு ஞாயிறும் எழுதுவது.

வீட்டுக்குள் இந்தப் பிரதிக்கு வேறு வாசிப்பு. நல்லி எலும்பு அப்பாவுக்கு. ஈரல் எனக்கு, ஆம்பளப் பிள்ளை என்பதால். அம்மாவுக்கும் அக்காவுக்கும் குழம்பு, கடைசியில் சட்டியில் மிஞ்சிய எலும்பு. பெண்ணுக்கென்று உரிமையோடு வந்த ஒரே துண்டு சுவரொட்டிதான். வயதுக்கு வந்தால், பிள்ளை பெற்றால், ரத்தம் ஊற வேண்டும் என்று கொடுப்பார்கள். 1996இல் அக்கா வயதுக்கு வந்தபோது தனியே உட்கார்ந்து அதைத் தின்றாள். எனக்குத் தரவில்லை. எட்டு வயதில் நான் அழுத அழுகை, தனக்குப் பங்கில்லாத ஒன்று இவ்வீட்டில் இருக்கிறது என்பதை முதன்முதலாகக் கண்ட ஓர் ஆணின் அழுகை என்று இப்போது படுகிறது.

2

கல்யாணமாகி அக்கா லண்டன் ஈஸ்ட் ஹாமுக்குப் போனாள். பழகிய துண்டுகளில் சிரமமில்லாமல் கிடைத்தது 'சாப்ஸ்' மட்டுமே. அது ஏற்கெனவே ஆங்கிலமாக இருந்தது. 2012இல் குழந்தை பிறந்தது. "சுவரொட்டி வாங்கிச் சுட்டுத் தின்னும்மா" என்று அம்மா போனில் ஓயாமல் சொன்னாள். அதற்கு இங்கிலீஷில் என்ன பேர் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. கடையில் நின்று யோசித்தவளுக்குத் திடீரென ஊர் பாய் ஞாபகம் வந்து, "தில்லி" என்றிருக்கிறாள். கடைக்காரருக்கு உருது தெரியும். "முகமே மலர்ந்துடுச்சுடா அவருக்கு. ஆனா இல்லன்னுட்டார். இங்க அத விக்கக் கூடாதாம், சட்டமாம்."

குறிப்பான், குறிப்பீடு என்றெல்லாம் நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அந்தக் கடை வாசலில் அக்காவுக்கு நேர்ந்தது அதுதான். சொல் கடல் கடந்துவிட்டது, பொருள் கடக்கவில்லை.

சட்டம் உண்மைதான். 1986இல் பிரிட்டனில் மாடுகளுக்கு மூளையை அரிக்கும் நோய் கண்டறியப்பட்டது. செத்த கால்நடைகளின் இறைச்சியையும் எலும்பையும் அரைத்து மாட்டுக்கே தீனியாகப் போட்டதால் பரவிய நோய் அது. மனிதருக்கும் வரக்கூடும் என்பதை பிரிட்டன் அரசு 1996 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. ஆடுகளுக்கும் இவ்வகை நோய் உண்டு. அதன் கிருமிப்புரதம் மண்ணீரலிலும் சிறுகுடலின் கடைப்பகுதியிலும் சேரும். ஆகவே 2001இன் ஐரோப்பிய ஒன்றிய விதி எந்த வயது ஆடானாலும் அவ்விரண்டையும் உணவிலிருந்து நீக்கியது. 2018இல்தான் விதி திருத்தப்பட்டு அவை பட்டியலிலிருந்து விடுபட்டன. அமெரிக்காவிலோ 1971 முதல் கால்நடைகளின் நுரையீரலை மனித உணவாக விற்க அனுமதியில்லை.

இதை ஒரு சதியாக வாசிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புல் தின்னும் மாட்டை இறைச்சி தின்ன வைத்தது லாபம். அதன் தண்டனையில் ஒரு பங்கு, தொடைக்கறி தின்பவர்களுக்கு வராமல், சுவரொட்டி தின்பவர்களிடம் வந்து சேர்ந்தது. எழுதியவர்கள் நினைத்தே பார்த்திராத பெண்ணொருத்தியின் பிரசவப் படுக்கைவரை ஒரு விதி எட்டுகிறது.

3

இந்தத் துண்டைத் தமிழ் எழுத்தில் எங்கே தேடுவது? கடல் கடந்து போன பெட்டிகளில் முதலில் இருந்த சமையல் நூல் மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' (1951). கல்யாணமாகிப் போகும் பெண்ணுக்குக் கொடுத்தனுப்பும் நூல். அதில் கறி கிடையாது. அது நூலின் குற்றமல்ல. ஆனால் 'தமிழ்ச் சமையல்' என்பது அச்சேறியபோது ஒரு சமையற்கட்டு முழுத் தமிழாகவும் மற்றவை ஞாபகமாகவும் ஆயின. பாயிடம் பேசும் மொழிக்குப் பெட்டியில் இடமில்லை.

பழைய இலக்கியம் இவ்வளவு கூச்சப்பட்டதில்லை. பொருநராற்றுப்படையில் கலைஞர்கள் இரவும் பகலும் கறி தின்று, உழுத கொழுப்போலப் பல் மழுங்கிப் போகிறார்கள். ஆட்டுத்தொடையை வேகவைத்ததும், கம்பியில் கோத்துச் சுட்டதும் தனித்தனியே சொல்லப்படுகின்றன. தன் கை ஏன் மென்மையாக இருக்கிறது என்பதற்குக் கபிலர் சேரனிடம் சொல்லும் பதிலில் கறி வருகிறது. எம்.ஏ. வகுப்பில் 'ஊன் என்றால் இறைச்சி' என்று பொருள் சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போனோம். எந்தத் துண்டு, யார் கொடுத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று கேட்க எங்களுக்குச் சொல்லித்தரப்படவில்லை.

புலம்பெயர் எழுத்தில், நான் வாசித்த அளவில், சாப்பாடு பெரும்பாலும் மணமாகவும் ஏக்கமாகவுமே வருகிறது. அம்மாவின் குழம்பு, ஊர்த்தூள், பனிநாளில் ஒரு வாசனை. பங்கீடு வருவதில்லை. மாட்டிறைச்சித் துண்டை பிரெஞ்சு தேசியத்தின் குறியாக 1957இல் வாசித்துக் காட்டினார் ரோலான் பார்த். நம் ஏக்கமும் அப்படியொரு குறியே. அந்தக் குழம்பில் அம்மாவுக்கு எந்தத் துண்டு கிடைத்தது என்று மகன் எழுதாதவரை, அவன் ஏங்குவது ஊருக்காகவா, ஊரில் தனக்கிருந்த இடத்துக்காகவா என்ற சந்தேகம் எனக்குத் தீராது. இதை ஈரல் தின்று வளர்ந்தவனாகவே சொல்கிறேன்.

4

எதிர்த்திசையில் வந்தவர்களும் எங்கள் மாவட்டத்தில் இருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி முகாமில் நண்பரின் தாயார், யாழ்ப்பாணத்துக்காரர். (அகதிகள் முகாம்களை 2021 முதல் மறுவாழ்வு முகாம் என அழைக்கிறது அரசு, பெயர் மாறியிருக்கிறது.) அவர் சொன்னார்: "நாங்கள் கறியெண்டா எல்லாத்தையும்தானே சொல்லுவம். மரக்கறியும் கறிதானே. இங்க கறியெண்டா ஆடுதான் எண்டு பிறகுதான் விளங்கினது." ஒரே மொழிக்குள்ளும் ஒரு கடல் இருக்கிறது.

கடையில் நிறுத்து வாங்கும் கறி அவருக்குப் பழகவில்லை. "ஊரில பத்துக் குடும்பம் சேந்து ஒரு கிடாய் வாங்கிப் பங்கு போடுவம். எல்லாப் பங்கிலயும் ஈரல் கொஞ்சம், குடல் கொஞ்சம், எலும்பு கொஞ்சம் இருக்கும். பனையோலையில கட்டிக் குடுப்பினம்." இதையே நாங்கள் 'கூறு' என்போம். பொங்கலுக்கு மறுநாள் இலை விரித்துக் கூறு போடுவார்கள். ஒரு கூறில் ஆடு முழுவதும் இருக்கும். அவர் பங்கு என்றதும் எனக்கு உடனே புரிந்தது, ஈஸ்ட் ஹாம் கடைக்காரருக்குத் தில்லி புரிந்ததுபோல.

பேரங்காடித் துண்டு ஆட்டிலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்கு விலை உண்டு, அக்கம்பக்கம் இல்லை. கூறு அப்படியல்ல. பத்துப் பேர் ஒரே ஆட்டைத் தின்றோம் என்பதை அது கூறுகிறது. (தமிழில் இரண்டும் ஒரே சொல்.) புலம்பெயர்ந்தவர் தேடுவது இந்தப் பங்கீட்டைத்தான். துண்டு அதற்கு ஒரு சாக்கு.

இதோடு நிறுத்தினால் கூறு ஒரு பொற்காலக் கதையாடலாகிவிடும். எல்லோருக்கும் எல்லாம் என்பது ஒரு தெருவுக்குள்தான். தெருக்களுக்கிடையே வேறு கணக்கு. தலை யாருக்கு, தொடை யாருக்கு, குடலும் ரத்தமும் தோலும் யாருக்கு என்பதை ஊர் வகுத்து வைத்திருந்தது. செத்த மாட்டைத் தூக்குவதும் தின்பதும் யார்மீது சுமத்தப்பட்டன என்பதிலிருந்தே தீண்டாமையின் வேரைத் தேடினார் அம்பேத்கர், 1948இல். 'பழகிய துண்டு' என்பது பலருக்குத் தேர்ந்த சுவை அல்ல, ஒதுக்கப்பட்ட பங்கு. அதையும் ருசியாக்கியது அவர்களின் கைத்திறன். ஆகவே நம் உணவு, நம் மரபு என்று எழுதும்போது 'நம்' என்பதில் எத்தனை கூறுகள் என்று எண்ணிவிட்டுத்தான் எழுத வேண்டும்.

5

2018 திருத்தத்தைப் பற்றி அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை, நானும்தான். போன வருஷம் இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. சொன்னேன். அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போய்த் "தில்லி" என்று கேட்டிருக்கிறாள். இப்போது யாரும் கேட்பதில்லை என்று சொல்லி, இரண்டை எடுத்துவைத்துக் கொடுத்தாராம்.

"யாருக்குக்கா? பாப்பா வயசுக்கு வந்துட்டாளா?" என்றேன்.

"ஏன், எதுனா ஆனாத்தான் திங்கணுமா? எனக்குத் திங்கணும்போல இருந்துச்சு. சுட்டேன், தின்னேன். அவளுக்கும் ஒண்ணு குடுத்தேன்."