குண்டாஸும் அபராதமும்

திருவொற்றியூரில் ஒருவர் கையிலிருந்து செல்போனைப் பறித்துக்கொண்டு ஓடுகிறவனுக்கு, பாரதிய நியாய சன்ஹிதா 304-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை. அதே தெருவில் மூச்சுவிட முடியாதபடி காற்றைக் கெடுக்கிறவருக்கு அதே சட்டத்தின் 280-ஆம் பிரிவு வைத்திருப்பது 1,000 ரூபாய் வரை அபராதம். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச் சட்டம்தான். பழைய 500 ரூபாயை இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள்.

சுற்றுச்சூழலுக்குத் தனிச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு 1986-இல் வந்த அந்தச் சட்டத்தில் 5 ஆண்டு வரை சிறை இருந்தது. 2023-இன் ஜன் விஸ்வாஸ் சட்டம் அதை நீக்கி, 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அந்த அபராதத்தைக் கட்டாவிட்டால் 3 ஆண்டு வரை சிறை உண்டு. நஞ்சு விட்டதற்கு இல்லை, பாக்கி வைத்ததற்கு உண்டு.

மாற்றத்துக்கு நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். போபால் வழக்கில் தீர்ப்பு வர 25 ஆண்டுக்கு மேலானது. 2010-இல் கிடைத்ததோ 2 ஆண்டுச் சிறை, அன்றைக்கே ஜாமீன். பணமாக வாங்குவது சீக்கிரம் நடக்கும். 2023 டிசம்பர் 26 இரவு பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்ததற்கு, கோரமண்டல் நிறுவனத்துக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விதித்த இழப்பீடு 5.92 கோடி ரூபாய்.

ஆனால் அதே மாதம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் இறங்கியபோது எண்ணூர் முகத்துவாரத்தில் நடந்தது என்ன? மீனவர்கள் படகிலிருந்தபடி மக்கால் மொண்டு டிரம்மில் ஊற்றினார்கள். குடும்பத்துக்கு 12,500, படகுக்கு 10,000 என்று அரசு நிவாரணம் அறிவித்தது. அது நிவாரணம், தண்டனை அல்ல. 15 லட்சமும் பெரிய ஆலைக்குச் செலவுக் கணக்கில் ஒரு வரிதான்.

எதிர்ப்பக்கம் குண்டாஸ் என்கிற குண்டர் தடுப்புச் சட்டம். 1982-இன் சட்டம், கமிஷனர் உத்தரவில் விசாரணை இல்லாமலே 12 மாதம் வரை உள்ளே வைக்கலாம். ராயபுரத்திலும் காசிமேட்டிலும் இதை வரவேற்பவர்கள் உண்டு. ரவுடிக்கு எதிராகச் சாட்சி சொல்ல எவரும் வராத தெருவில் ஓராண்டு நிம்மதி சின்ன விஷயமல்ல. ஆனால் ஆட்கொணர்வு மனுவில், முறையீட்டைத் தாமதமாகப் பரிசீலித்தார்கள், கொடுத்த நகல் படிக்கும்படி இல்லை என்று உயர் நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்யும்போது பல மாதம் கழிந்திருக்கும். குற்றம் செய்தானா என்பதை அதுவரை எவரும் விசாரித்திருக்க மாட்டார்கள். இந்தச் சட்டத்தின் பட்டியலில் 2004-இலேயே திருட்டு வீடியோக்காரர் சேர்ந்துவிட்டார். பர்மா பஜாரில் டிவிடி விற்றவரை ஓராண்டு அடைக்கலாம். ஆற்றில் எண்ணெய் விட்டவருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

அவரையும் அதில் சேர்க்கச் சொல்லவில்லை. விசாரணையற்ற சிறை யாருக்கு என்றாலும் கெட்டதுதான். செல்போன் பறித்தவனைச் சீக்கிரமே நீதிபதி முன் நிறுத்தி முடிக்கட்டும். ஆலைக்கு, கசிவை மறைத்தல், அளவிடும் கருவியை நிறுத்திவைத்தல் போன்ற தெரிந்தே செய்யும் காரியங்களுக்காவது சிறை திரும்ப வரட்டும். அப்போது மாட்டப்போவது வால்வு திருகும் ஒப்பந்தத் தொழிலாளி என்ற பயம் எனக்கும் உண்டு. அவரும் எண்ணூர்க்காரராகவே இருப்பார். ஆகவே பொறுப்பாளி யார் என்பதைச் சட்டப் பிரிவிலேயே எழுதிவிட வேண்டும்: வாரியத்திடம் இசைவு கேட்டு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவர்.