3.2 சதவீதமும் 480 நாளும்

மத்திய அரசின் 2023-24 பொருளாதார ஆய்வறிக்கை 2024 ஜூலை 22 அன்று, பட்ஜெட்டுக்கு முந்தின நாள், நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதில் வேலைவாய்ப்பு பற்றி ஒரு தனி அத்தியாயம் உண்டு. கொரோனாவுக்குப் பிறகு இந்திய வேலைச் சந்தை மீண்டுவிட்டது, சொல்லப்போனால் முன்பைவிட நல்ல நிலையில் இருக்கிறது என்பது அதன் வாதம். மூன்று எண்கள் அந்த வாதத்தைத் தாங்குகின்றன. வேலையின்மை விகிதம் 2017-18-ல் 6.0 சதவீதமாக இருந்தது, 2022-23-ல் 3.2 ஆகக் குறைந்தது. பெண்களின் பங்கேற்பு விகிதம் அதே காலத்தில் 23.3-லிருந்து 37.0 ஆக உயர்ந்தது. வருங்கால வைப்பு நிதியில், அதாவது பி.எஃப்.-ல், ஆண்டுக்கு நிகரமாகச் சேர்ந்தவர்கள் 2018-19-ல் 61.1 லட்சம், 2023-24-ல் 131.5 லட்சம்.

மூன்றும் சரியான எண்கள்தான். இட்டுக்கட்டியது எதுவும் இல்லை. அப்புறம் எங்கேதான் இடிக்குது?

வாலாஜாபாத்தில் உட்கார்ந்து இதைப் படிப்பதில் ஒரு வசதி இருக்கு. கிழக்கே வண்டலூர் சாலையில் போனால் ஒரகடம், வடக்கே போனால் சுங்குவார்சத்திரம். ரெனோ-நிசான், டைம்லர், ராயல் என்ஃபீல்டு, அப்போலோ டயர்ஸ் ஒரு பக்கம். சாம்சங், ஃபாக்ஸ்கான் இன்னொரு பக்கம். ஷிப்ட் மாறும் நேரத்தில் ரோட்டில் நின்றால் கம்பெனி பஸ்களை எண்ணி மாளாது. வேலை இருக்கா என்று இங்கே யாரும் கேட்பதில்லை. 'ஆட்கள் தேவை' போர்டு இல்லாத மின்கம்பம் கிடையாது. இங்கே கேட்கிற கேள்வி வேறு: எத்தனை மாசம்? அந்தக் கேள்விக்கு அத்தியாயத்தின் தலைப்பு எண்கள் மூன்றிலும் பதில் இல்லை. என் விமர்சனம் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

முதலில் அந்த 3.2-ஐப் பார்ப்போம். பி.எல்.எஃப்.எஸ். என்கிற காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பின் 'வழக்கமான நிலை' அளவுகோலில், ஆண்டில் 30 நாள் துணை வேலை பார்த்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர்தான். சொந்த நிலத்திலோ அப்பாவின் கடையிலோ சம்பளம் இல்லாமல் உதவி செய்தாலும் அப்படித்தான். இது புதுசா செய்த தந்திரம் இல்லை. பல பத்தாண்டுகளாக இருக்கும் வரையறை, அதற்கு நியாயமும் உண்டு. ஆனால் கொரோனாவுக்குப் பின் இந்த வரையறைக்குள் யார் வந்து சேர்ந்தார்கள் என்று பார்க்கணும். விவசாயத்தில் இருப்பவர்களின் பங்கு 2018-19-ல் 42.5 சதவீதம், 2020-21-ல் 46.5, 2022-23-ல் 45.8. அடுத்த ஆண்டில் 46.1. ஊரடங்கில் ஊருக்குத் திரும்பியவர்கள் வயலில் நின்றார்கள், சரி. அது 2020-ன் கதை. 2024-லும் அந்தப் பங்கு இறங்கவில்லை என்றால் அதை 'மீட்சி' என்று எப்படிச் சொல்றது? ஒரு நாடு தொழில்மயமாகும்போது இறங்க வேண்டிய எண் அது.

பெண்கள் விஷயத்திலும் இதே கதைதான். பங்கேற்பு ஏறியது உண்மை, 2023-24-ல் 41.7 வரை ஏறியது. குழாய்த் தண்ணீர், காஸ் அடுப்பு, கழிப்பறை வந்ததால் பெண்களுக்கு நேரம் மிச்சமானது என்று ஆய்வறிக்கை விளக்கம் சொல்கிறது. அதில் ஓரளவு உண்மை இருக்கும். ஆனால் ஏறியதில் பெரும்பகுதி சுயதொழில் என்ற தலைப்பின் கீழ், அதிலும் கணிசமானது குடும்பத் தொழிலில் கூலியில்லாத உதவியாளர் என்ற கட்டத்தில் வருகிறது. வீட்டு வருமானம் போதாமல் போகும்போதும் பெண்கள் இப்படித்தான் வேலைக்கு இறங்குவார்கள். மிச்சமான நேரமா, போதாத வருமானமா என்று பிரித்துப் பார்க்காமல் ஏறும் கோட்டைக் காட்டிக் கைதட்டுவது ஆய்வாகாது.

அடுத்து பி.எஃப். கணக்கு. எனக்கு ரொம்ப உறுத்துவது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

இந்தப் பக்கத்தில் ஐடிஐ ஃபிட்டர் முடித்த ஒரு பையனை நினைச்சுக்குங்க. முதல் வருஷம் ஒரு கார் உதிரிபாக கம்பெனியில் அப்ரெண்டிஸ். 1961-ன் அப்ரெண்டிஸ் சட்டம் 18-ஆம் பிரிவின்படி அவன் பயிற்சி பெறுபவன். தொழிலாளி இல்லை, தொழிலாளர் சட்டங்கள் அவனுக்குப் பொருந்தாது. கிடைப்பது உதவித்தொகை. பி.எஃப். கிடையாது, ஆகவே கணக்கிலும் அவன் இல்லை. அடுத்து ஒரு கான்ட்ராக்டர் மூலமா வேறொரு கம்பெனியில் பதினோரு மாசம். இப்போது பி.எஃப். எண் கிடைக்கும், 'புதிய உறுப்பினர்' என்று ஒரு கூட்டல். ஆர்டர் குறைந்ததும் வெளியே அனுப்பிவிடுவார்கள், ஒரு கழித்தல். மூணு மாசம் அப்பாவோடு வயலில், பி.எல்.எஃப்.எஸ். வந்து கேட்டால் அநேகமாக 'வேலையில் இருப்பவர்'. பிறகு வேறொரு கான்ட்ராக்டர், அதே மாதிரி லைன். 'மீண்டும் சேர்ந்தவர்', ஒரு கூட்டல். நிகரம் ஒன்று. கணக்கில் பிழையே இல்லை. அரசின் பார்வையில் அவன் முறைசார் வேலைக்கு வந்துவிட்ட ஒருவன். அவன் பார்வையில், நாலு வருஷத்தில் மூணாவது தடவையாக அடிமட்டச் சம்பளத்தில் புதுசா ஆரம்பிக்கிற ஒருவன். அனுபவம் ஏறுது, சம்பளம் ஏறலை.

61.1 லட்சம் 131.5 லட்சமானதில் இன்னொன்றும் கலந்திருக்கு. 20 பேரைத் தொட்டதும் ஒரு நிறுவனம் பி.எஃப். சட்டத்துக்குள் வந்துவிடும், ஏற்கெனவே அங்கே வேலை பார்ப்பவர்கள் அன்றைக்குப் 'புதியவர்கள்' ஆகிவிடுவார்கள். கொரோனா காலத்தில் ஆத்மநிர்பர் பாரத் ரோஜ்கார் திட்டம் வந்தது. 2020 அக்டோபரிலிருந்து புதிதாகச் சேர்க்கப்பட்ட, மாதம் 15,000 ரூபாய்க்குக் குறைவாக வாங்கும் ஊழியர்களுக்கு, ஆயிரம் பேர் வரை உள்ள நிறுவனங்களில், இரு தரப்புப் பங்கான 24 சதவீதத்தையும் இரண்டு ஆண்டுகளுக்கு அரசே கட்டியது. பெயரைப் பதிவேட்டில் ஏற்ற இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? பதிவானது நல்லதுதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பதிவு கூடியதையும் வேலை கூடியதையும் ஒரே கோட்டில் வரைந்தால் எது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

இப்போது 480 நாளுக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 1981-ல் ஒரு சட்டம் வந்தது: ஒரு தொழில் நிறுவனத்தில் 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும். இந்த மண்டலத்தில் நிர்வாகத்துக்கும் தொழிலாளிக்கும் ஒருசேர மனப்பாடமான சட்டம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அந்த நாட்காட்டி ஓட ஆரம்பிக்காத ஆட்களை எடுப்பதுதான் அதைத் தாண்டிப் போகும் வழி: அப்ரெண்டிஸ், கான்ட்ராக்டரின் ஆள், 'ட்ரெய்னி' என்று பெயர் சூட்டப்பட்டவர், குறித்த காலத்துக்கு எடுக்கப்படுபவர். நாட்டின் பதிவு பெற்ற தொழிற்சாலைகளில் ஐந்தில் இரண்டு தொழிலாளிகள் கான்ட்ராக்டர் வழி வந்தவர்கள் என்று ஆண்டுத் தொழில் கணக்கெடுப்பே காட்டுகிறது. கொரோனா இந்தப் பழக்கத்தை உண்டாக்கவில்லை. 2006-ல் திறந்து 2014 நவம்பரில் மூடிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையே இதைக் கற்றுக்கொடுத்துவிட்டது. கொரோனா இந்தப் பழக்கத்துக்கு ஒரு நியாயத்தை மட்டும் கொடுத்தது. 'எப்ப மூடுவாங்கன்னு தெரியாதுப்பா, எப்படி பெர்மனென்ட் பண்றது?'

மூடாத கதையும் உண்டு. 2021 மே மாதம் இரண்டாம் அலை உச்சத்தில், ஊரே பூட்டிக் கிடந்தபோது, கார் ஆலைகளுக்கு விலக்கு இருந்தது. ஹூண்டாய் தொழிலாளர்கள் உள்ளேயே உட்கார்ந்து போராடிய பிறகு ஆலை சில நாள் நிறுத்தப்பட்டது. ரெனோ-நிசான் தொழிற்சங்கம் சமூக இடைவெளி கேட்டு உயர் நீதிமன்றம் வரை போனது. இரண்டும் சங்கம் உள்ள, நிரந்தரத் தொழிலாளர்கள் உள்ள இடங்கள் என்பதைக் கவனிக்கணும். சங்கம் இல்லாத நூற்றுக்கணக்கான சின்ன ஷெட்களில் அந்த மாதம் என்ன நடந்தது என்பதற்கு வழக்கும் இல்லை, பதிவும் இல்லை.

அதே ஆண்டு டிசம்பர் நடந்தது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 250-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். 159 பேர் மருத்துவமனையில். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தார்கள். சுமார் 17,000 பேர் வேலை பார்த்த ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12 அன்று திறந்தது. தங்குமிடமும் சாப்பாட்டுக் கூடமும் தன் தரத்துக்கு இல்லை என்று ஆப்பிளே ஒப்புக்கொண்டது. அந்தப் பெண்கள் கேட்டது சம்பள உயர்வுகூட இல்லை.

அதன் பிறகு சிப்காட் வல்லம் வடகாலில் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி கட்டியது. 2024 ஆகஸ்ட் 17 அன்று முதல்வர் ஸ்டாலின் திறந்துவைத்தார். தமிழ்நாட்டு அரசுக்கு இதற்குப் பாராட்டு சேரணும். பல மாநிலங்கள் இதை யோசிக்கவே இல்லை. ஆனால் அதற்கு இரண்டு மாசம் முன்னால், 2024 ஜூனில், இதே ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் எழுதியது. நிறுவனம் மறுத்தது, மத்திய தொழிலாளர் துறை மாநிலத்திடம் அறிக்கை கேட்டது. இரண்டு செய்தியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்க. 18,720 படுக்கைகளும் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் பள்ளி முடிந்ததற்கும் கல்யாணத்துக்கும் நடுவில் உள்ள நாலைந்து ஆண்டுகளுக்குப் போட்டவை. குழந்தையோடு ஒரு தாய் வந்து தங்கி ஷிப்ட் போக அதில் இடமில்லை. நாட்டின் தொழிற்சாலைப் பெண் தொழிலாளர்களில் பத்தில் நாலு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் என்று நாம் பெருமை பேசுகிறோம், நியாயமான பெருமை. அவர்களில் எத்தனை பேர் முப்பது வயதில் அதே ஆலையில் இருக்கிறார்கள் என்ற எண்ணை யாரும் மேடையில் சொல்லி நான் கேட்டதில்லை. (2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதை இங்கே ஒரு ஓரமாக வைத்துக்கொள்ளலாம்.)

சாம்சங் வேலைநிறுத்தம் இதற்கு மறுபக்கம். 2024 செப்டம்பர் 9 தொடங்கி 37 நாள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பந்தலில் உட்கார்ந்தார்கள். முதல் கோரிக்கை, தங்கள் சங்கத்தை ஏற்க வேண்டும் என்பது. பெயரில் 'சாம்சங்' இருக்கக் கூடாது என்று நிறுவனம் சண்டை போட்டது. 1926-லிருந்து அப்போது வரை இருந்த தொழிற்சங்கச் சட்டத்தின் கீழ் ஒரு சங்கத்தைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரி கடைசியில்தான் பதிவு நடந்தது. அதைச் செய்ய முடிந்தவர்கள் யார்? நிரந்தரத் தொழிலாளர்கள். 480 நாளை எப்போதோ தாண்டியவர்கள். பதினோரு மாதத்துக்கு வந்தவர் 37 நாள் வெளியே உட்கார முடியாது; முப்பத்தெட்டாவது நாள் அவர் இடத்தில் வேறொருவர் இருப்பார்.

ஆய்வறிக்கைக்கு நியாயமாகவும் ஒன்று சொல்லணும். 2019-20-க்கும் 2022-23-க்கும் இடையில் கார்ப்பரேட் துறையின் வரிக்கு முந்தைய லாபம் ஏறக்குறைய நாலு மடங்கானது, ஆளெடுப்பும் சம்பளமும் அந்த வேகத்துக்கு ஏறவில்லை என்று அதே ஆய்வறிக்கை எழுதியிருக்கிறது. அரசு ஆவணத்தில் இவ்வளவு நேராக ஒரு வாக்கியம் அபூர்வம். ஏன் ஏறவில்லை என்பதற்கு அது நிறுவனங்களின் மனசாட்சியிடம் முறையிடுவதுபோல் பேசுகிறது, அதுதான் வருத்தம். நீடிக்காத வேலையில் சம்பளம் எப்படி ஏறும்? ஒவ்வொரு கேட்டிலும் புதியவராக நிற்பவர் எதை வைத்துப் பேரம் பேசுவார்? உற்பத்தி ஊக்கத்தொகைத் திட்டத்தையே எடுங்க. மின்னணுத் துறைக்கு 2020-ல் வந்தபோது கூடுதல் விற்பனையில் 4 முதல் 6 சதவீதம் ஊக்கத்தொகை. முதலீட்டுக்கும் விற்பனைக்கும் வரம்பு வைத்த அரசுக்கு, ஒரே ஆள் எத்தனை ஆண்டு நீடித்தார் என்பதற்கும் ஒரு வரம்பு வைக்கத் தோன்றவில்லை.

தகவல் இல்லாமலும் இல்லை. பி.எல்.எஃப்.எஸ். ஒவ்வொரு மாதச் சம்பளக்காரரிடமும் எழுத்துப்பூர்வமான வேலை ஒப்பந்தம் உண்டா, இருந்தால் ஒரு வருடத்துக்குள்ளா, மூன்று வருடம் வரையா, அதற்கு மேலா என்று கேட்கிறது. விவசாயம் அல்லாத துறைகளில் 2022-23-ல் 58.6 சதவீதம் பேரிடம் எந்த ஒப்பந்தத் தாளும் இல்லை. பி.எஃப். அலுவலகத்திடம் ஒவ்வொரு எண்ணும் எந்த நிறுவனத்தில் எத்தனை மாதம் இருந்தது என்ற விவரம் கணினியிலேயே இருக்கு. அந்த எண்களை ஆளின் பெயரில்லாமல், மாவட்ட வாரியாக, 'சராசரி பணிக்காலம்' என்று ஒரு பத்தியாகப் போட்டால் போதும். காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு அந்தப் பத்தி வந்தால் 3.2-ஐப் பற்றி வேறு மாதிரி பேசலாம்.

இப்போதைக்கு வந்திருப்பது 2025 ஆகஸ்டில் தொடங்கிய புதிய வேலைவாய்ப்பு ஊக்கத் திட்டம், 99,446 கோடி. முதல்முறை வேலைக்குச் சேர்பவருக்கு ஒரு மாதச் சம்பளம், 15,000 ரூபாய் வரை, ஆறாவது மாதம் ஒரு தவணை, பன்னிரண்டாவது மாதம் இன்னொன்று. முதலாளிக்கு, உற்பத்தித் துறை என்றால், நாலு ஆண்டுகள்.